இணையத்தில் காட்டும் விலையை வைத்து வீட்டைப் பாகம் பிரிக்கலாமா?

கேட்டவர் ஒரு பெண்மணி. அவர் சொன்னதன் சுருக்கம் இது. மயிலாடுதுறையில் கோயில் வீதி ஒன்றில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. அகலம் 22 அடி, நீளம் 140 அடி. அப்பா காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: அண்ணன் நியூஜெர்சியில், தம்பி சென்னையில், இவர் அந்த வீட்டிலேயே. மற்ற இருவர் பாகத்துக்கும் பணம் கொடுத்துவிட்டு வீட்டைத் தானே வைத்துக்கொள்ள நினைக்கிறார். அண்ணன் ஓர் இணையதளத்தில் அளவைப் போட்டுப் பார்த்து 1 கோடியே 11 லட்சம் என்கிறார். ஊர்த் தரகர் 60 லட்சத்தைத் தாண்டாது என்கிறார். எதை நம்புவது? பத்திரம், வீட்டுவரி ரசீது, கோயிலுக்கு அப்பா கட்டிய பழைய ரசீதுகள் எல்லாம் தகரப் பெட்டியில் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார்.

நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு வங்கிகளுக்கு வீடு, மனை மதிப்பீடு எழுதிக் கொடுக்கும் பொறியாளர். 23 வருடமாக இதே வேலை. இந்த மாதிரி அண்ணன் தங்கை கணக்கு மாதத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வரும்.

முதலில் ஒன்று. அண்ணன் சொல்கிற கணக்குப்படி ஒரு பாகம் 37 லட்சம். இரண்டு பேருக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியது 74 லட்சம். தரகர் சொல்கிற முழு வீட்டு விலையைவிட அது அதிகம். அதற்காக அண்ணன் பேராசைக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் இருக்கும் ஊரில் இப்படி ஒரு எண்ணுக்கு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அது மயிலாடுதுறைக்கு ஏன் பொருந்தாது என்று அவரிடம் சண்டையில்லாமல் பேச முடியும்.

அமெரிக்காவில் ஜில்லோ என்ற நிறுவனம் 2006 முதல் வீடு வீடாக ஒரு மதிப்பைக் கணித்து இணையத்தில் காட்டி வருகிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் எந்த வீடு எந்தத் தேதியில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது பொது ஆவணம். வீட்டின் பரப்பு, அறை எண்ணிக்கை, கட்டிய வருடம், வரி மதிப்பு எல்லாம் கணினியில் இருக்கிறது. ஒரே தெருவில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். அதையெல்லாம் கணக்கில் ஏற்றி ஒரு எண்ணைத் தருகிறார்கள். தவறு எவ்வளவு என்பதையும் அவர்களே வெளியிடுகிறார்கள்: விற்பனைக்கு வந்துவிட்ட வீட்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம், விற்பனைக்கு வராத வீட்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம். இது இடைநிலை அளவு. அதாவது பாதி வீடுகளுக்குத் தவறு இதைவிடக் குறைவு, மீதிப் பாதிக்கு இதைவிட அதிகம். அந்த 2 சதவீதத்தில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. வீடு விற்பனைக்கு வந்தவுடன் உடைமையாளர் கேட்கும் விலையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? உங்கள் வீடு விற்பனைக்கு வரவில்லை. ஆகவே அங்கேயே இருந்தாலும் உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது எண்தான்.

இவ்வளவு விவரம் கையில் இருந்தும் சறுக்கியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப் 2016இல் சியாட்டிலில் இருந்த தன் சொந்த வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அவருடைய தளம் அந்த வீட்டுக்குக் காட்டிய மதிப்பு சுமார் 17.5 லட்சம் டாலர். அப்புறம் அந்த நிறுவனமே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, விலை எப்படிப் போகும் என்று கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் அதை மூடியது; ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கைக் குறைப்பதாகவும் அறிவித்தது. உங்கள் அண்ணனிடம் ராஸ்காஃப் கதையைச் சொல்லுங்கள். அவர் இருக்கும் நாட்டுக் கதை என்பதால் நம்மூர்த் தரகர் சொல்வதைவிடக் காது கொடுத்துக் கேட்பார்.

சரி, நம்மூருக்கு வருவோம். இங்கே உண்மையான கிரய விலை எங்கும் ஒழுங்காகப் பதிவாவதில்லை. அதனால் தளங்கள் பெரும்பாலும் நம்புவது விளம்பரத்தில் கேட்கும் விலையை. சென்னையில் வேளச்சேரி மாதிரி இடத்தில் ஆயிரக்கணக்கில் விளம்பரம் இருக்கும். கேட்கும் விலையில் கொஞ்சம் கழித்தால் ஓரளவுக்கு உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். மயிலாடுதுறையில் உங்கள் தெருவுக்கு எத்தனை விளம்பரம் இருக்கும்? பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. ஊர் முழுக்கச் சேர்த்தாலும் கொஞ்சம்தான். அதிலும் ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூன்று விலைக்குப் போட்டிருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே விற்றுப்போனதும் எடுக்கப்படாமல் கிடக்கும். நான் ஒருமுறை வேடிக்கைக்காக என் வீட்டையே ஒரு தளத்தில் போட்டுப் பார்த்தேன். என் தெருப் பெயரிலேயே தஞ்சாவூரில் ஒரு நகர் இருக்கிறது. அங்கத்து விலையை எனக்குக் காட்டியது. இன்னொரு தளத்தில் மயிலாடுதுறை இன்னும் நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே இருந்தது. மாவட்டம் பிரிந்தது 2020இல்.

அளவு விஷயத்தில் வேறு ஒரு வேடிக்கை. நம் பக்கத்துப் பழைய பத்திரங்கள் குழிக்கணக்கில் இருக்கும். தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. தளத்தில் குழி என்ற அளவே இருக்காது, சென்ட்தான் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது மூன்று குழிக்குச் சற்று அதிகம். குழியைச் சென்ட் என்று போட்டு, வீடு மூன்று மடங்கு விலைக்குப் போகும் என்ற கனவோடு என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. இறக்கிவிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உங்கள் அண்ணன் அளவைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். 22 பெருக்கல் 140, 3,080 சதுர அடி. 1 கோடியே 11 லட்சத்தை அதனால் வகுத்தால் சதுர அடிக்கு 3,600 ரூபாய். இந்த 3,600 எங்கிருந்து வந்திருக்கும்? என் ஊகம், ஊருக்கு வெளியே அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் 30க்கு 40 மனைக்குக் கேட்கும் விலையிலிருந்து. விளம்பரத்தில் அதிகம் வருவது அதுதான். 1,200 சதுர அடி மனையை வாங்கத் தெம்பு உள்ளவர்கள் நிறையப் பேர், அதனால் சதுர அடி விலை ஏறி நிற்கும். 3,080 சதுர அடியை மொத்தமாக வாங்க வருபவர்கள் குறைவு. சின்ன மனையின் சதுர அடி விலையைப் பெரிய மனைக்குப் போட்டாலே கணக்கு கெட்டுவிடும்.

அதைவிட முக்கியம் உங்கள் மனையின் வடிவம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும் மனை. இருபுறமும் பொதுச்சுவர். வீதியை ஒட்டிய முதல் 50 அடிக்குத்தான் முழு விலை. கொல்லையில் இருக்கும் மண்ணுக்கு வீதி விலை யார் தருவார்கள்? எங்கள் தொழிலில் இதற்குப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. முதல் பட்டைக்கு முழு விலை, இரண்டாவதற்கு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாவதற்குப் பாதி. உங்கள் வீதியில் முன்பக்க மண் சதுர அடி 2,800 போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் 50 அடி, அதாவது 1,100 சதுர அடி, 30 லட்சத்து 80 ஆயிரம். அடுத்த 50 அடி ஏறத்தாழ 20 லட்சத்து 53 ஆயிரம். மிச்சம் 40 அடி, 880 சதுர அடி, 12 லட்சத்து 32 ஆயிரம். மொத்தம் ஏறத்தாழ 63 லட்சத்து 65 ஆயிரம். பட்டை பிரிக்காமல் அதே 2,800ஐ நேராகப் பெருக்கினால் 86 லட்சம் வந்திருக்கும். இணையதளம் செய்வது இந்த நேர்ப் பெருக்கல்தான். அதற்குக் கொல்லை தெரியாது.

ஆனால் கொல்லைப்புறம் வண்டி வரும் சந்து இருந்தால் என் கணக்கும் மாறும். பின்பக்கத்தைத் தனி மனையாக விற்கலாம் என்பதால் விலை ஏறும். தரகர் 60 என்றபோது இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கும் எண்ணம் உண்டா? 22 அடி மனை அவருடைய 22 அடியோடு சேர்ந்தால் 44 அடி. அதில் கார் நிறுத்தி மாடி கட்டலாம். வெளியாள் தருவதைவிடக் கூடுதலாகத் தர அவருக்கு மட்டும்தான் காரணம் இருக்கிறது. தரகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் தரகர் எதற்கு?

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாட்டு ஓடு, சுண்ணாம்புக் காரை, தேக்குத் தூண். உங்களுக்கு அது பிறந்த வீடு. வாங்குபவருக்கு இடிக்க வேண்டிய செலவு. தூணையும் கதவையும் எடுத்துக்கொள்ளும் பழைய சாமான்காரர் கொடுக்கும் காசுதான் கட்டடத்தின் விலை. இரண்டு மூன்று லட்சம் போட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இன்னொரு எண்ணும் கிடைக்கும்: பதிவுத்துறையின் தளத்தில் உள்ள வழிகாட்டி மதிப்பு. நகரத்தில் தெருவாரியாகவும் கிராமத்தில் புல எண் வாரியாகவும் இருக்கும். இது அரசு எண் என்பதால் பலர் இதுதான் சந்தை விலை என்று நினைத்துவிடுகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்குவதற்கான அடித்தளம் இது, அவ்வளவுதான். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க இதை 33 சதவீதம் குறைத்தார்கள். அன்றைக்கு எந்தத் தெருவிலும் யாரும் வீட்டை மூன்றில் இரண்டு பங்கு விலைக்குத் தந்துவிடவில்லை. 2023இல் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். அது வழக்கில் போய், 2024இல் மறுபடி திருத்தம் வந்தது. கிரயம் என்றால் இப்போது 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். ஒன்பது சதவீதம் கட்ட வேண்டுமென்றால் பத்திரத்தில் எந்த விலை எழுதுவார்கள்? வழிகாட்டி மதிப்பையே எழுதிவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. சரி தவறு என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நம்மூர்ப் பத்திரங்களை அப்படியே கணினிக்கு ஊட்டினால் உண்மை விலை வெளிவராது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் உண்மை விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். நீங்களும் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். அதே பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பார்க்கும் வசதி இருக்கிறது. பார்ப்பதற்குக் காசு இல்லை. உங்கள் வீட்டு எண்ணுக்கு மட்டும் பார்க்காமல், வீதியின் இரண்டு பக்கத்திலும் உள்ள நகர அளவை எண்களுக்குக் கடைசி ஐந்து வருடம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண் இருக்கும். தான செட்டில்மென்ட், விடுதலை (தன் பாகத்தை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது), பாகப்பிரிவினை இவற்றைத் தள்ளிவிடுங்கள். அவற்றில் இருப்பது விலையே இல்லை. கிரயங்களை மட்டும் எடுங்கள். அதில் எந்தக் கிரயத்துக்கு அடுத்த வரியிலேயே வங்கிக்கு உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று ஒரு பதிவு வருகிறதோ, அதைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அது கடன் வாங்கி வாங்கிய வீடு. பத்திரத்தில் குறைத்து எழுதினால் வங்கி கடனையும் குறைத்துவிடும். ஆகவே அவர்கள் உண்மை விலைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு வீதியில் இப்படி மூன்று கிரயம் கிடைத்தால் போதும், எந்த இணையதளமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. (காரைக்கால் பக்கத்து வீடு என்றால் இது உதவாது. அதுவும் டெல்டாதான், ஆனால் புதுச்சேரி நிர்வாகம், பதிவு தனி.)

விலையை அசைக்கிற வேறு சில விஷயங்களும் நம் பக்கத்தில் உண்டு. சீர்காழி, வேதாரண்யம் மாதிரிக் கடலோரப் பகுதியில் நிலத்தடியில் உப்பு ஏறிய இடமும் நல்ல தண்ணீர் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விலை ஒன்றாக இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் பேச ஆள் வரமாட்டார்கள். தை பிறந்து சம்பா அறுத்துக் காசு புரளும்போது அதே வீட்டுக்கு மூன்று பேர் வருவார்கள். கூத்தாநல்லூர் மாதிரி வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊர்களில் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய மாளிகைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டிய செலவு அவ்வளவு என்பது உண்மை. வாங்க ஆள் வேண்டுமே.

இனி உங்கள் குடும்பக் கணக்கு. அண்ணனும் தம்பியும் உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாக வைத்துக்கொண்டால், குடும்பத்துக்குள் என்பதால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40 ஆயிரம். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10 ஆயிரம். இது வழிகாட்டி மதிப்பை வைத்து வருவது. அண்ணனின் 1 கோடியே 11 லட்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பணம் கைமாறுவதால் அவர்களுக்கு மூலதன ஆதாய வரிக் கணக்கு உண்டு. தாத்தா காலத்துச் சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. அண்ணன் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவருக்குக் கொடுக்கும் பணத்தில் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில். பணம் அனுப்புவதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

மதிப்பீட்டாளரை நீங்கள் மட்டும் அமர்த்தாதீர்கள். மூவரும் சேர்ந்து ஒருவரை ஒப்புக்கொள்ளுங்கள், அல்லது அண்ணன் ஒருவர், நீங்கள் ஒருவர் வைத்து இரண்டின் சராசரியை எடுங்கள். தரகருக்கு வேண்டியது சீக்கிரம் முடியும் விலை. அவர் 60 என்றதில் அந்த அவசரமும் கலந்திருக்கும். என் கணக்கில் மண்ணும் கட்டடமும் சேர்ந்து 66 பக்கத்தில் வருகிறது, பாகம் 22 லட்சம். ஆனால் 2,800 என்பது நான் பேச்சுக்கு வைத்தது என்பதை மறக்காதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன். கோயிலுக்கு அப்பா கட்டிய ரசீது என்றீர்களே, அது என்ன ரசீது?

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு வீட்டுக்கு மதிப்பீடு எழுதினேன். பத்திரம் இருந்தது, வீட்டுவரி இருந்தது, மின் இணைப்பு இருந்தது. 19 லட்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தில் நான்கெல்லைக்குக் கீழே ஒரு வரி, 'மேற்படி மனையில் கட்டப்பட்டுள்ள மேல்கட்டுமானம் மட்டும்' என்று. நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். அடிமனை, அதாவது வீடு நிற்கும் மண், ஒரு மடத்துக்குச் சொந்தம். வங்கியின் வழக்கறிஞர் கண்டுபிடித்தார், கடன் நின்றது, நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. டெல்டாவில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் இது சர்வசாதாரணம். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பார்கள், மண் மட்டும் கோயிலுடையது. பதிவுத்துறைத் தளத்தில் அப்படிப்பட்ட எண்களுக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று காட்டும். பத்திரம் பதிவாகாது, வங்கி கடன் தராது. இணையதளம் மட்டும் அப்போதும் 1 கோடியே 11 லட்சம் என்றே சொல்லும்.

ஆகவே பெட்டியைத் திறந்து அந்த ரசீதைப் பாருங்கள். அர்ச்சனை, கட்டளை, நன்கொடை என்று இருந்தால் கவலையில்லை. மேலே சொன்ன கணக்கைத் தொடரலாம். அடிமனை வாடகை, தரை வாடகை என்று ஏதாவது இருந்தால் அண்ணனிடம் விலை பேசுவதை நிறுத்திவையுங்கள். பட்டா யார் பெயரில் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அதற்கப்புறம் பேசலாம்.